பச்சை ஏறிய பக்கிள்

நான் பெல்ட் கட்டுகிற ஆள் இல்லை. வீட்டிலும் பட்டறையிலும் சாரம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் ஒரு காற்சட்டை, அதுவும் இடுப்பில் தானாக நிற்கிற அளவுக்குக் கர்த்தர் வயிறு தந்திருக்கிறார். இப்படிப்பட்ட ஒருவன் பதினொரு வருடமாக உலகமெல்லாம் பெல்ட் பக்கிள் செய்து அனுப்பினான் என்பதை முதலில் எழுதிவைக்கிறேன். சிரிக்க விரும்பினால் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். பிறகு வசதிப்படாது.

இந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் பொறுப்பாக இருக்கிற ஐயா நல்ல மனிதர். யாருடைய முறைப்பாடு என்று கேட்டார். ஒருவருடையதும் இல்லை என்றேன். என்ன களவு போனது என்று கேட்டார். ஒன்றும் போகவில்லை, ஒன்று கூடிவிட்டது என்றேன். "அப்ப வீட்டை போங்கோ மாஸ்ரர்" என்றார். நான் வாங்கை விட்டு எழும்பவில்லை. கடைசியில் கோடு போட்ட தாளும் பேனையும் தந்து, எழுதித் தாங்கோ பாப்பம் என்றார். எங்கள் குடும்பம் மெதடிஸ்த சபை. செய்த பாவத்தைச் சுவாமியாரிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனம் எங்களுக்குக் கிடையாது. பழக்கமில்லாத வேலை என்பதால் முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பெயர் அருள்நேசன். பள்ளிக்கூடத்தில் சித்திரமும் கைப்பணியும் படிப்பித்து ஓய்வுபெற்றவன். கலியாணம் கட்டவில்லை. தங்கை றெபேக்காவோடு இருக்கிறேன். நான் செய்வதை அவள் பொதி கட்டுவாள், நான் சொல்வதை அவள் நம்பமாட்டாள். அப்படியாக ஒரு கூட்டு வியாபாரம்.

தொடங்கியது யாழ்ப்பாணத்துக் குருநகரில். தவக்காலத்தில் அங்கே திருப்பாடுகளின் நாடகம் போடுவார்கள். உரோமச் சேவகர்களுக்குக் கடதாசி மட்டையில் பக்கிள் வெட்டிப் பொன் நிறம் பூசியிருந்தார்கள். ஆண்டவரைச் சிலுவையில் அறைகிற நேரம் பார்த்து ஒரு சேவகனின் பெல்ட் வியர்வையில் ஊறிக் கழன்று விழுந்தது. சனம் அழுவதை விட்டுச் சிரித்தது. அடுத்த வருடத்துக்கு வெண்கலத்தில் ஆறு பக்கிள் வார்த்துக் கொடுத்தேன். அதில் ஒன்றின் படம் முகநூலில் எங்கெல்லாமோ சுற்றி, ஜேர்மனியில் சனிக்கிழமைகளில் உரோமனாக வேடம் போடுகிற ஒரு பஸ் சாரதியிடம் போய்ச் சேர்ந்தது. அவரிடமிருந்து இன்னொருவர். ஹொலண்டில் ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். அவருடைய பாட்டன்மார் யாழ்ப்பாணத்துக் கோட்டையில் கட்டிக்கொண்டு திரிந்த மாதிரியான பக்கிளை, யாழ்ப்பாணத்திலிருந்தே என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு தன் பாட்டனாக நடிக்கிறார். தபாற்செலவு அவருடையது.

வேலை இப்படி. முதலில் மெழுகில் உருவம். அதன்மேல் களிமண் பூச்சு. சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெறுமைக்குள் உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவது. ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் பொருள் வெளியே வரும். எனவே என் இணையப் பக்கத்தில் 'ஒவ்வொன்றின் அச்சும் உடைக்கப்படுகிறது. ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது' என்று எழுதியிருந்தேன். மண் அச்சு உடைவது உண்மை. மெழுகை வார்க்கிற றப்பர் அச்சு உடைவதில்லை. அவை எல்லாம் றெபேக்காவின் பிஸ்கட் தகரத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன. இதை நான் பொய் என்று நினைத்ததில்லை. விளம்பரம் என்று நினைத்தேன்.

இன்னொரு வேலையும் உண்டு. புது வெண்கலம் கலியாண வீட்டுக் குத்துவிளக்குப் போல மினுங்கும். வாங்குகிறவர்களுக்கு அது பிடிக்காது. மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த மாதிரி வேண்டும். அதற்கு மரத்தூளில் உப்பும் வினாகிரியும் கொஞ்சம் அமோனியாவும் கலந்து, ஐஸ்கிறீம் பெட்டிக்குள் பக்கிளைப் புதைத்து மூடிவிட வேண்டும். மூன்றாம் நாள் திறந்தால் முந்நூறு வருடம் போயிருக்கும். இதில் எனக்குக் கொஞ்சம் கெட்டித்தனம் இருந்தது என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிறகு தேவைப்படும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சூசைதாசன் அந்த நாடகத்தில் நூற்றுவர் தலைவன். கடற்றொழில். ஆறடி உயரம், முகத்தில் அம்மை வடு, எந்த வசனத்தையும் மறந்துவிட்டு அதே மூச்சில் சொந்தமாக ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கிற ஆள். அவனுக்குச் செய்த பக்கிளின் விளிம்பில், வார்க்கும்போது காற்று அகப்பட்டு ஒரு சின்னக் குழி விழுந்துவிட்டது. அடைத்துத் தருகிறேன் என்றேன்.

"விடுங்கோ மாஸ்ரர். என்ரை மூஞ்சையிலை இல்லாத குழியே? ரெண்டு பேரும் பொருத்தமாய் இருப்பம்."

நாடகம் முடிந்தும் அவன் அதைக் கழற்றவில்லை. தோல் பெல்ட்டோடு சேர்த்துக் காற்சட்டைக்குக் கட்டிக்கொண்டு கடலுக்கும் போனான். பிரான்சிலிருக்கிற தம்பிக்கும் அதேபோல் ஒன்று வேண்டும் என்று மனைவி பெர்னடெட்டையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் வந்தான். எனக்கு அன்றைக்கு வேலை நெருக்கடி. இணையப் பக்கத்தில் எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன்.

"அச்சு உடைச்சாச்சு. அதைப்போலை இனி ஒண்டு இந்த உலகத்திலை வராது."

"கேட்டியே?" என்று சூசைதாசன் பெர்னடெட்டின் பக்கம் திரும்பினான். "நானும் அப்பிடித்தான். என்னைப்போலை இனி ஒண்டு வராது."

"ஓம், அதுக்குத்தான் நாங்கள் கோயிலிலை மெழுகுதிரி கொளுத்துறனாங்கள்" என்றாள் அவள்.

எல்லோரும் என்னை மாஸ்ரர் என்பார்கள். பெர்னடெட் மட்டும் றெபேக்கா கூப்பிடுவதைக் கேட்டு என்னை அண்ணை என்று பழகிவிட்டாள். நான் சொன்னதை அவள் மறக்கவில்லை.

போன ஐப்பசியில் சூசைதாசன் பருத்தித்துறைப் பக்கம் தொழிலுக்குப் போனான். பெர்னடெட்டின் சித்தி மகன் சுரேஸ் அங்கே இருக்கிறான். ஒருநாள் கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். சூசைதாசன் தனியாக வள்ளத்தைத் தள்ளினான். திரும்பவில்லை. இயந்திரம் நின்றிருக்கும், நீரோட்டம் இழுத்திருக்கும் என்றார்கள். கடற்படைக்கும் அறிவித்தார்கள். சுரேசும் அவனுடைய ஆட்களும் ஒவ்வொரு நாளும் விடிய இரண்டு மூன்று வள்ளத்தில் தேடப் போனார்கள். எரிபொருளை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டார்கள். தங்கள் தொழிலை விட்டுத்தான் போனார்கள்.

பெர்னடெட் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அழுகிறவருக்குப் பக்கத்தில் இருந்து ஏதாவது சொல்லலாம், பகிடி விடலாம், தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கலாம். அவள் மத்தியானம் இரண்டு பேருக்குச் சமைத்தாள். அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மூடி வைத்தாள். பின்னேரம் அதைத் தானே சாப்பிட்டாள். காலையில் ஆறு மணிக்கு எனக்குத் தொலைபேசி எடுப்பாள். உலோகத்தைப் பற்றித் தெரிந்தவன் என்று என்னைத்தான் கேட்பாள்.

"அண்ணை, அந்தப் பக்கிள் வெய்யிலுக்கு மினுங்கும்தானே? தூரத்திலை போற கப்பல்காரருக்குத் தெரியும் என்ன?"

"ஓம் தங்கச்சி, மினுங்கும்."

இன்னொரு நாள்: "அதின்ரை ஊசியாலை மீனைக் கீறலாமே?"

"கீறலாம். நல்ல கூர்."

பதினாலு நாள் இப்படி. ஒவ்வொரு நாளும் ஓம் என்றேன். யாராவது என்னைப் பார்த்து ஒன்றைக் கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் ஏதாவது இருக்க வேண்டும். இது சின்ன வயதிலிருந்து உள்ள வருத்தம். மருந்து இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நாற்பதுக்கு மேல் புள்ளி போட்டவன் நான்.

பதினாலாம் நாள் அவளைப் பார்க்கப் போனேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பங்குத்தந்தை ஒரு பூசை வைப்போமா என்று மெல்லமாகக் கேட்டிருக்கிறார். "உடம்பு வேண்டாம் சுவாமி, அவரின்ரை சாமான் ஒண்டு கண்ணிலை காட்டுங்கோ, நான் கறுப்புக் கட்டுறன்" என்று சொல்லிவிட்டாளாம். சைக்கிளில் வீட்டுக்கு வருகிற வழியில் இது வேண்டுகோள் மாதிரியே எனக்குக் கேட்டது. ஒருவர் வந்து அளவும் விபரமும் சொல்லி ஒன்று செய்து தரச் சொன்ன மாதிரி.

பதினைந்தாம் நாள் பிஸ்கட் தகரத்திலிருந்து றப்பர் அச்சை எடுத்து மெழுகு வார்த்தேன். விளிம்பில் அந்தக் குழியை, பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஊசியைச் சூடாக்கி வைத்தேன். பதினாறாம் நாள் வெண்கலம் ஊற்றினேன். அன்றைக்கே மரத்தூளுக்குள் புதைத்தேன். பத்தொன்பது நாளில் கடல் அவ்வளவு பச்சை ஏற்றாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கடலில் கிடந்த பொருள் எப்படி இருக்கும் என்று சனங்களிடம் ஒரு எண்ணம் இருக்கிறது. நான் கடலுக்காகச் செய்யவில்லை. அந்த எண்ணத்துக்காகச் செய்தேன். பெல்ட்டின் தோலில் மிச்சத் துண்டு ஒன்று என்னிடம் கிடந்தது. அதை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கல்லில் தேய்த்தேன்.

றெபேக்கா பட்டறை வாசலில் நின்று பெட்டியைப் பார்த்தாள்.

"ஆரின்ரை ஓடர் இது? நான் விலாசம் எழுதேல்லையே."

"உள்ளூர்."

"உள்ளூரிலை ஆர் பழசு கேக்கிறது? இஞ்சை எல்லாம் பழசுதானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பத்தொன்பதாம் நாள் காலை திறந்தேன். நான் செய்ததில் அதுதான் திறமானது. குழிக்குள் பச்சை கடுமையாகவும் மேட்டில் மங்கலாகவும் ஏறியிருந்தது. ஊசியின் அடியில் கொஞ்சம் மணல் ஒட்டிவைத்தேன். பல் வைத்தியர் கண்டால் கண்ணீர் விட்டிருப்பார்.

பெர்னடெட்டிடம் கொண்டுபோனேன். மன்னார்ப் பக்கத்து இழுவை மடி வலையில் அகப்பட்டதாம், மீன் வியாபாரி ஒருவர் மூலமாக என் கைக்கு வந்தது என்றேன். அவள் அதைக் கையில் வாங்கினாள். விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே போய்க் குழியில் நிறுத்தினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அச்சு உடைச்சதெண்டு சொன்னீங்கள் என்ன அண்ணை?"

"ஓம் தங்கச்சி."

அப்போதுதான் அவள் அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். அழுது களைத்து, அவர்கள் கொடுத்த தேத்தண்ணியை முழுதாகக் குடித்து, பாயில் சரிந்து தூங்கினாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு வந்த முதல் தூக்கம் என்றார்கள். அன்று பின்னேரம் சுரேஸ் எனக்குத் தொலைபேசி எடுத்தான். பெல்ட் கிடைத்துவிட்டது என்று அவனுக்குச் சொன்னேன். தேடுதலை நிறுத்தினார்கள்.

இருபத்திரண்டாம் நாள் பூசை. தோல் துண்டைச் சின்னப் பெட்டியில் வைத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். பக்கிளை மட்டும் பெர்னடெட் கொடுக்கவில்லை, கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டாள். பெட்டியைப் பிடித்த நால்வரில் நானும் ஒருவன். பாரமே இல்லை. ஒரு கத்தோலிக்கச் சாவுக்கு மெதடிஸ்த சபைக்காரன் தோள் கொடுத்தான் என்று சனம் மெச்சியது. திரும்பி வரும்போது, என் வாழ்க்கையில் உருப்படியாக ஒன்று செய்திருக்கிறேன் என்று நினைத்தேன். இதை மறைக்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் திருகோணமலைக்குக் கிழக்கே, நாட்கணக்காகக் கடலில் தங்குகிற பலநாள் வள்ளக்காரர்கள் சூசைதாசனின் வள்ளத்தைக் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். அவன் உள்ளே இருந்தான். இறந்து ஒரு கிழமை இருக்கும் என்று வைத்தியர் சொன்னாராம். மழைத் தண்ணீர் பிடிக்க எரிபொருள் கானை வெட்டி வைத்திருக்கிறான். மீன் முள்ளு கிடந்திருக்கிறது. வெள்ளைச் சேட்டை ஒரு தடியில் கட்டியிருக்கிறான். வள்ளத்தின் உட்பக்கத்தில், விளிம்புக்குக் கீழே, நாளுக்கு ஒன்றாகக் கீறிக்கொண்டு வந்திருக்கிறான். முப்பத்தினாலு கீறு.

பெர்னடெட்டும் சுரேசும் போய்ப் பொறுப்பெடுத்தார்கள். இரண்டாம் முறையும் அடக்கம் நடந்தது. அதற்கு நான் போகவில்லை. வயிற்றுவலி என்று றெபேக்காவிடம் சொன்னேன். அவள் வழக்கம்போல நம்பவில்லை.

அந்த அடக்கத்துக்கு மூன்றாம் நாள் காலை பெர்னடெட் பட்டறைக்கு வந்தாள். கறுப்புச் சீலை. கைக்குட்டையை அவிழ்த்து இரண்டு பக்கிளை மேசையில் வைத்தாள். ஒன்று பச்சை. மற்றது மினுங்கிக்கொண்டிருந்தது, நாளும் கைபட்ட வெண்கலம் பச்சை பிடிக்காது. அதன் ஊசி நுனி ஒரு நெல்லளவு தேய்ந்து போயிருந்தது.

"அண்ணை, இதிலை எது அவரின்ரை?"

ஏதாவது ஒரு பகிடி வாய்க்கு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மினுங்குகிறதைத் தொட்டேன்.

"அப்ப மற்றது?"

"அது நான் செய்தது."

"ரெண்டும் நீங்கள் செய்ததுதானே" என்றாள்.

நான் இழுத்துக் கொடுத்த கதிரையில் இருந்தாள்.

"பத்தொன்பதாம் நாள் கொண்டுவந்து தந்தனீங்கள். அவர் முப்பத்தினாலு கீறியிருக்கிறார். நான் விரலாலை ஒவ்வொண்டாய்த் தொட்டு எண்ணினனான்."

"உன்ரை கோலத்தைப் பாக்கேலாமல்தான் தங்கச்சி. நீ ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை, நித்திரை கொள்ளேல்லை..."

"தெரியும். நீங்கள் ஆருக்கும் கெடுதல் நினைக்கிற ஆள் இல்லை." தேய்ந்த ஊசியைத் திருப்பிப் பார்த்தாள். "தேடப் போயிருந்தாலும் அம்பிட்டிருப்பாரோ தெரியாது. கடல் பெரிசுதானே. எந்தத் திசை எண்டு ஆருக்குத் தெரியும்?"

"ஓம்," என்றேன். "ஆருக்குத் தெரியும்."

அவள் மினுங்குகிற பக்கிளை எடுத்து முடிந்துகொண்டு எழும்பினாள். பச்சையை மேசையிலேயே விட்டுவிட்டாள். வாசலில் றெபேக்காவைக் கண்டு, போயிட்டு வாறன் அக்கா என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நான் இரக்கத்தில் பிழை விட்ட ஒரு கிழவன். பெர்னடெட்டே அப்படித்தான் தீர்த்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஐயாவும் அதை வாசித்துவிட்டு வீட்டை போங்கோ என்பார். எனவே முன்னுக்கு ஒரு வரியில் எழுதிக் கடந்ததை இப்போது முழுதாக எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் நாள் பின்னேரம் சுரேஸ் எடுத்த தொலைபேசி. நான் அப்போது பெர்னடெட் வீட்டு முற்றத்தில் நின்றேன். அவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். சுரேஸ் மூச்சு வாங்கக் கதைத்தான்.

"மாஸ்ரர், பலநாள் வள்ளக்காரர் ரேடியோவிலை சொன்னவங்கள். வடகிழக்காய், நல்ல தூரத்திலை, ஒரு சின்ன வள்ளம் மிதக்குதாம். வெள்ளையாய் என்னவோ ஆடினதாம். கடல் கொந்தளிப்பிலை அவங்களாலை கிட்டப் போகேலாமல் போச்சாம். இடத்தைக் குறிச்சு வைச்சிருக்கிறன். மூண்டு வள்ளம் ஆயத்தம், விடிய வெளிக்கிடலாம். அக்காவுக்கு வீண் ஆசை குடுக்கப்படாது எண்டுதான் உங்களிட்டைக் கேக்கிறன். போகட்டே?"

திசையும் தெரிந்தது. தூரமும் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது.

நான் கிணற்றடிக்கு நடந்துபோனேன். ஓம், போங்கோ என்று சொன்னால் போதும். ஆனால் அதன் பிறகு, அப்படியானால் அந்தப் பெல்ட் என்ன என்று யாராவது கேட்பார்கள். குற்றத்துக்காக நான் பயப்படவில்லை. யாரோ ஒருவன் அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, இது போலி என்று சொல்லப்போகிறான் என்பதுதான் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. காலையில்தான் அவள் அதை நம்பியிருந்தாள். நான் செய்த எதையும் யாரும் அப்படி நம்பியதில்லை. மற்றவர்கள் எல்லோரும் பொய் என்று தெரிந்து வாங்கியவர்கள்.

"தேவையில்லை சுரேஸ்," என்றேன். "அவன்ரை பெல்ட் இண்டைக்குக் காலமை வந்திட்டுது. மடியிலை அம்பிட்டது. என்ரை கையாலை செய்த பக்கிள், எனக்குத் தெரியாதே? அது வேறை ஆரின்ரையோ வள்ளம்."

அந்தப் பக்கம் அவன் அழுகிற சத்தம் கேட்டது. "சரி மாஸ்ரர், நீங்கள் சொன்னால் சரிதான்" என்றான். வேறு யாருடையதோ என்றாலும் அதிலும் ஒரு ஆள் இருந்திருப்பான் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இல்லை, எனக்குத் தோன்றியது. சுரேஸ் இன்றைக்கும் தன்னைத்தான் நொந்துகொண்டு திரிகிறான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு சூசைதாசன் பதினைந்து நாள் கீறினான்.

பெர்னடெட் கதிரையில் இருந்து, எந்தத் திசை எண்டு ஆருக்குத் தெரியும் என்று கேட்டபோது நான் சொன்ன பதிலை மேலே எழுதியிருக்கிறேன்.

இவ்வளவுதான். அவளுக்காகச் செய்தேன் என்று இதுவரை அவளுக்கும் எனக்கும் சொல்லிவந்தேன், கிணற்றடியில் நின்று சொன்னதை அவளுக்காகச் சொல்லவில்லை. என்ன சட்டப்பிரிவு என்பதை ஐயா பார்த்துக்கொள்ளவும். பக்கிளை ஒரு கடித உறையில் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். சான்றுப்பொருளாக வைப்பதென்றால் ஈரமில்லாத இடத்தில் வைக்கவும். தயவுசெய்து யாரும் துணியால் துடைக்க வேண்டாம். அந்தப் பச்சை ஏற மூன்று நாள் எடுத்தது.